பிரான்ஸின் அணு உலையா, ஜெர்மனியின் காற்றாலையா?

புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பற்றி வாக்குவாதம் கிளம்பினால், ஒரு தரப்பு பிரான்ஸைக் காட்டும், மறு தரப்பு ஜெர்மனியைக் காட்டும். இரண்டும் அடுத்தடுத்த நாடுகள், ஒரே ஐரோப்பிய மின்சந்தையில் வாங்கி விற்பவை. போன பாதைகள் மட்டும் நேரெதிர்.

முதலில் 2024 கணக்கு. பிரான்ஸின் மின் உற்பத்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அணுமின்சாரம். நீர்மின்சாரமும் கணிசமாக உண்டு. ஜெர்மனியில் காற்று, சூரியன், உயிரி எரிவாயு, நீர் எல்லாம் சேர்ந்து 60 சதவீதத்தை ஒட்டி வருகின்றன. நிலக்கரி இன்னும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஜெர்மனி விடும் கரியமில வாயு சுமார் 350 கிராம். பிரான்ஸில் அது 25 கிராமுக்கும் கீழே. இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் விவாதம் இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் பிரான்ஸ் இன்று அனுபவிப்பது பாட்டன் சொத்து. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974-இல் பிரதமர் பியேர் மெஸ்மேர் ஒரு திட்டத்தை அறிவித்தார். பதினைந்து ஆண்டுகளில் ஐம்பது உலைகள்போல எழுந்தன. அரசே முதலாளி, ஒரே மாதிரி வடிவமைப்பு, தொடர்ந்து வேலை செய்து கைதேர்ந்த தொழிலாளிகள். அந்த வேகம் இப்போது இல்லை. நார்மண்டியின் ஃபிளமான்வில் மூன்றாவது உலைக்கு 2007-இல் வேலை தொடங்கினார்கள், மின்கட்டமைப்பில் இணைந்தது 2024 டிசம்பரில். 330 கோடி யூரோ என்று ஆரம்பித்த மதிப்பீடு 1,320 கோடிக்குப் போனது. அதே காலத்தில் ஜெர்மனி என்ன செய்தது? 2024 ஒரே ஆண்டில் மட்டும் 16,000 மெகாவாட்டுக்கு மேல் சோலார் பேனல் பொருத்தியது. வெயில் அடித்தால்தான் மின்சாரம், அது வேறு விஷயம். இருந்தாலும் பதினேழு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

ஜெர்மனி தடுமாறியது காற்றாலையால் அல்ல, மூடிய வரிசையால் என்பது என் கட்சி. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகளுக்கு நாள் குறித்தார்கள். கடைசி மூன்றும் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன. நிலக்கரிக்கோ 2038 வரை அவகாசம்! புகை விடாததை முன்னால் மூடிவிட்டு, புகை விடுவதைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள்.

இதில் ஜெர்மனியின் தெற்கே உள்ள பவேரியா மாநிலத்தின் கூத்து தனி. 2014-இல் அங்கே ஒரு விதி வந்தது: காற்றாலையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குள் வீடுகள் இருக்கக் கூடாது. 200 மீட்டர் காற்றாலை என்றால் இரண்டு கிலோமீட்டர். கிராமங்கள் நெருக்கமாக உள்ள ஊரில் இடம் எங்கே கிடைக்கும்? சரி, காற்று பலமாக வீசும் வடக்கிலிருந்து கொண்டுவரலாம் என்றால், சுமார் 700 கிலோமீட்டர் நீளும் சூட்லிங்க் மின்பாதைக்கும் எதிர்ப்பு. கோபுரம் கண்ணை உறுத்தும் என்று கேபிளைப் பூமிக்கடியில் புதைக்கச் சொன்னார்கள். 2022-இல் முடிய வேண்டியது 2028-க்குத் தள்ளிப்போனது. 2011-இல் மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சராக உலைகளைச் சீக்கிரம் மூடச் சொன்ன மார்குஸ் ஸோடர், 2023-இல் மாநில முதல்வராக இசார் 2 உலையை மூடாதே என்றார். அரசியல்வாதி எல்லா ஊரிலும் அரசியல்வாதிதான்.

சோதனைக் காலத்தில் இரண்டும் எப்படி? 2022-இல் பிரான்ஸ் உலைகளின் குழாய்களில் அரிப்பு விரிசல்கள் தெரிந்தன. ஒரு கட்டத்தில் பாதிக்கு மேல் நின்றிருந்தன. சுமார் நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக அந்த ஆண்டு பிரான்ஸ் விற்றதைவிட அதிகம் வாங்கியது. ஜெர்மனியிலிருந்தும் மின்சாரம் போயிற்று. ஜெர்மனிக்கு அடி விழுந்தது 2024 டிசம்பர் 12 அன்று. காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, மாலையில் சந்தை விலை ஒரு மெகாவாட்-மணிக்கு (ஆயிரம் யூனிட்டுக்கு) 936 யூரோவைத் தொட்டது. தங்கள் ஊரிலும் விலை ஏறிய கோபத்தில் ஸ்வீடன் அமைச்சரே ஜெர்மனியை வெளிப்படையாகத் திட்டினார்.

வீட்டுக் கட்டணத்தில் பிரான்ஸுக்கே சாதகம்: 2024-இல் அங்கே யூனிட்டுக்குச் சுமார் 25 சென்ட், ஜெர்மனியில் 40. ஆனால் மின்சார ஹீட்டர்கள் நிறைந்த பிரான்ஸில் குளிர் ஒரு டிகிரி கூடினால் சுமார் 2,400 மெகாவாட் அதிகம் தேவை. ஜெர்மனியில் வாடகைக்கு இருப்பவர்கூட பால்கனியில் 800 வாட் பேனலை மாட்டி, சுவரில் உள்ள பிளக்கில் செருகிவிடலாம்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரியும். ஓடும் உலை கையில் இருந்தால் பிரான்ஸ்போல ஓட்டுங்கள். புதிதாகப் போடப் பணம் இருந்தால் ஜெர்மனி வழியில், மின்பாதையையும் பேட்டரியையும் சேர்த்தே போடுங்கள். பிரான்ஸ் இப்போது ஆறு புதிய உலைகள் கட்டப்போகிறது, முதலாவது 2038-இல் ஓடும் என்கிறார்கள். ஜெர்மனியின் கடைசி நிலக்கரி நிலையத்துக்கும் கெடு 2038தான். எது முந்தும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், நான் ஜெர்மனி பக்கம்.