ஹெரால்டின் ஜன்னலுக்கு எந்த ரப்பர்: லண்டன் பார்சலா, புதுப்பேட்டையா, ஜி.பி. ரோடா?

கதவைத் திறந்து மூடும்போது உள்ளே 'களக் களக்' என்று தண்ணீர் ஆடினால் ஜன்னல் ரப்பருக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் அந்தச் சத்தத்தை 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த மறுநாள் கேட்டேன். வண்டி வெள்ளத்தில் நிற்கவில்லை, நங்கநல்லூரில் வீட்டு வாசலில் மேடான இடத்தில்தான் நின்றது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றப் போனால், நமத்த அப்பளம் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது.

முழுப் பழியையும் ரப்பர் மேல் போட முடியாது. ஏற்றி இறக்கும் கண்ணாடி உள்ள எந்தப் பழைய வண்டியிலும் கொஞ்சம் நீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருப்பார்கள். மேலே ரப்பர் வெடித்து நீர் அதிகமாக இறங்கியது, கீழே ஐம்பது வருடத் தூசியும் பெயின்டும் துளையை அடைத்திருந்தன. இரண்டும் சேர்ந்தால் கதவின் அடித்தகடு துருப்பிடித்து உதிரும். ரப்பரை எப்போது வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். ஹெரால்டு கதவின் அடித்தகட்டை டிங்கர் கையால் அடித்துத்தான் செய்யவேண்டும். எனவே எந்த ரப்பர் என்ற கேள்வியை 'எது ஒரிஜினல்' என்று பார்க்காமல் 'எது தகட்டைக் காப்பாற்றும்' என்றே பார்த்தேன்.

ஒரே வார்த்தையில் 'ரப்பர்' என்கிறோமே தவிர, ஒரு கதவில் நாலு விதம் இருக்கிறது. கண்ணாடி கீழே இறங்கும் வாயில் வெளிப்பக்கம் ஒரு வழிக்கும் பட்டை. அதே வாயில் உள்பக்கம் ஒரு வெல்வெட் பட்டை. கண்ணாடி ஓடும் 'ப' வடிவச் சேனல். அப்புறம் கதவு மூடும்போது நசுங்கும் பீடிங். நாலுக்கும் நாலு வேலை. கடைக்காரர்கள் 'செட்' என்று விற்பதால்தான் குழப்பமே வருகிறது.

முதலில் லண்டன் பார்சல். ஹெரால்டு பிரிட்டனில் டிரையம்ப் என்ற பெயரில் 1959-இல் வந்த வண்டி, மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்தது. அங்கே இன்றைக்கும் அதற்குப் புது ரப்பர் செய்து விற்கிறார்கள். நம் ஊரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இதைத் தயாரித்தது. பெருங்களத்தூர் தொழிற்சாலையில் இருந்து வந்த, நம் மெட்ராஸ் வண்டி. ஆகவே பார்சல் வந்தால் அப்படியே பொருந்தும் என்று நினைத்தேன். 1968-இல் மார்க் 3 வந்தபோது இங்கே மட்டும் நாலு கதவு வைத்தார்கள் என்பதை அப்போது யோசிக்கவில்லை. பிரிட்டனில் நாலு கதவு ஹெரால்டே கிடையாது. அவர்களுடைய கிட்டில் பின்கதவுக்கு ஒன்றுமே இருக்காது. முன்கதவுகூட இரண்டு கதவு வண்டியின் கதவைவிட நீளம் குறைவு, பட்டையை வெட்டித்தான் போடவேண்டும். சுங்க வரியும் கூரியரும் சேர்ந்தபோது ரப்பரின் விலையே பின்னால் போய்விட்டது.

இவ்வளவு குறை சொன்னாலும், வெளிப்பக்க வழிக்கும் பட்டைக்கு அந்தப் பார்சலை மிஞ்ச ஆள் இல்லை. பட்டையின் உதடு கண்ணாடியைத் தொடும் கோணமும், கதவுத் தகட்டின் விளிம்பில் அது உட்காரும் பள்ளமும் அச்சு அசலாக இருக்கின்றன. கண்ணாடியை இறக்கி ஏற்றினால் ஒரே வழிப்பில் துடைத்தது போல் மேலே வருகிறது. மழைநீர் கதவுக்குள் போகும் முக்கிய வாசல் இதுதான், இதில் காசு பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. இரண்டு கதவு வண்டிக்கான நீளப் பட்டையில் முன்கதவுக்கு வெட்டியது போக மிஞ்சியது பின்கதவுக்குப் போதாது. இரண்டு ஜோடி வாங்கவேண்டியதாயிற்று.

அடுத்து புதுப்பேட்டை, சென்னையின் பழைய வண்டி உதிரிபாகச் சந்தை. பழைய வண்டி வைத்திருப்பவனின் கால் தானாகவே அங்கே போய்விடும். உடைத்த ஹெரால்டு ஒன்றின் கதவு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கதவில் ரப்பர் முழுசாக இருந்தது, கறுப்பாக, எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று. கடைக்காரரே சிரித்துவிட்டார். "இந்த ரப்பரும் உங்க ரப்பரும் ஒரே வயசு சார். அதை விடுங்க, கிளிப்பைக் கழட்டிட்டுப் போங்க."

அவர் சொன்னது சத்தியம். அந்தக் காலத்து ரப்பர் பெரும்பாலும் இயற்கை ரப்பர் கலந்தது. காற்றில் உள்ள ஓசோன் அதன் மூலக்கூறுச் சங்கிலியை வெட்டும், வெயில் இறுக வைக்கும். ஓடாமல் நிழலில் நின்ற வண்டியிலும் ரப்பர் வெடிக்கக் காரணம் அந்த ஓசோன்தான். எண்ணெய் தடவினால் ஒரு வாரம் புதுசு போலத் தெரியும், மடித்துப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். அதே சமயம் வழிக்கும் பட்டையைப் பிடித்திருக்கும் சின்ன எஃகு கிளிப் வேறு எங்கும் கிடைக்காது. பழையதைக் கழற்றும்போது பாதி கிளிப் கதவுக்குள் விழுந்து காணாமல் போகும், மீதி வளையும். எனவே புதுப்பேட்டைக்குப் போங்கள், ரப்பருக்காகப் போகாதீர்கள். "சரி பாய்" என்று கைநிறைய கிளிப் அள்ளி வந்தேன். அந்தப் பயணத்தில் உருப்படியான செலவு அதுதான்.

இனி ஜி.பி. ரோடு, சென்னையில் கார் சாமான் கடைகள் நிறைந்த தெரு. மவுண்ட் ரோட்டில் இருந்து திரும்பினால் மீட்டர் கணக்கில் சேனலும் பீடிங்கும் சுருள் சுருளாகத் தொங்கும். சேனலையும் பீடிங்கையும் பொறுத்தவரை இதுதான் ஜெயிக்கிறது, இறக்குமதியைக்கூட ஒதுக்கிவிட்டு. பழைய சேனலில் எஃகுத் தகட்டுக்குள் கம்பளி ஃபெல்ட் ஒட்டியிருக்கும். குளிர் நாட்டில் எப்படியோ, நம் கடற்கரைக் காற்றில் ஃபெல்ட் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே எஃகு அரிக்கும், கண்ணாடி இறுகும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் கிளாஸ் மிஷினின் பல் தேயும். இப்போது கிடைக்கும் நைலான் இழை பதித்த ரப்பர் சேனல் நனைந்தாலும் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. கண்ணாடியின் தடிமனை மட்டும் வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். இடையில் யாராவது கண்ணாடி மாற்றியிருந்தால் பழைய அளவு செல்லாது.

பீடிங்கில்தான் ஏமாறும் இடம். இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரும் பி.வி.சி. பிளாஸ்டிக்கும் ஒரே கறுப்பில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. ஓசோனையும் வெயிலையும் தாங்குவது இ.பி.டி.எம். பி.வி.சி. கொஞ்ச நாளில் சுருங்கும், இறுகும், கோடையில் மூலைகளில் வாய் பிளக்கும். விலை பாதி என்றால் சந்தேகப்படுங்கள். ஒரு துண்டு வாங்கி வந்து பாருங்கள்: செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்தத் துண்டில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால், பி.வி.சி. பச்சையாக எரியும். (நியோபிரீனும் பச்சை காட்டும், அது பரவாயில்லாத ரப்பர்தான். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல.) இன்னொரு விஷயம், இ.பி.டி.எம்.முக்கு பெட்ரோலியப் பொருள் ஆகாது. கிரீஸ், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், சிலிகான் ஸ்ப்ரே போதும்.

பீடிங்கில் நசுங்கும் உருண்டைப் பகுதி, அதாவது குமிழ், அதன் அளவை எப்படிக் கணிப்பது? சப்பாத்தி மாவைச் சின்ன உருண்டைகளாக்கி பாலிதீனில் சுற்றி, கதவு விளிம்பைச் சுற்றி ஐந்தாறு இடத்தில் ஒட்டி, கதவை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் இடைவெளி. அதைவிடக் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை பெரிய குமிழ் வாங்கினால் போதும். நான் 'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று முதலில் பெரிய குமிழ் போட்டேன். கதவைப் பூட்ட இடுப்பால் இடிக்கவேண்டி இருந்தது. நாலு நாளில் கழற்றி எறிந்தேன். வீட்டில் சப்பாத்தி மாவு விரயமானதற்குத் தனியாக அர்ச்சனை.

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் மாதிரி கொடுத்து அச்சுப் போட்டு எடுப்பது என்று இன்னொரு வழி உண்டு. தனியாளுக்குக் கட்டுப்படி ஆகாது. நாலு கதவு ஹெரால்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் பின்கதவுப் பட்டைக்கு யோசிக்கலாம். டியூப் சிலிகானைப் பிதுக்கி விரிசலை மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்ணாடி ஓடும் இடத்தில் அது இரண்டு மழைக்குத் தாங்காது, பின்னால் சுரண்டி எடுக்கும்போது பெயின்டும் வரும்.

ஆக, என் வண்டியில் இப்போது வழிக்கும் பட்டை பார்சல், கிளிப் புதுப்பேட்டை, சேனலும் பீடிங்கும் உள்பக்க வெல்வெட்டும் ஜி.பி. ரோடு. கண்காட்சிக்கு வண்டி எடுப்பவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், சேனலின் ஓரம் பழைய படத்தில் இருப்பது போல் இல்லை என்பார். அவருக்கு முழுக்க இறக்குமதி, பின்கதவுக்கு அச்சு. என் வண்டி ஐப்பசி அடைமழையிலும் தாம்பரம் வரை போய்வரவேண்டும்.

மாட்டும்போது ஒன்று மட்டும் கவனம். பீடிங்கை இழுத்து ஒட்டாதீர்கள், இழுத்த ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்பி மூலையில் இடைவெளி விடும். சில மில்லிமீட்டர் கூடவே வைத்து வெட்டி, இணைப்பைக் கதவின் அடியில் கொண்டு வாருங்கள். நான் இடது பின்கதவில் இணைப்பை மேல் மூலையில் வைத்துவிட்டேன். ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாகக் காட்டிச் சோதித்தபோது மற்ற மூன்று கதவும் தப்பித்தன, இது மட்டும் சீட்டில் சொட்டியது. அதை மறுபடி வெட்டி ஒட்டுவதற்கு முன், நாலு கதவின் வடிகால் துளைகளையும் சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்திவிட்டேன். வலது முன்கதவில் இருந்து மட்டும் ஒரு டம்ளர் செந்நிறத் தண்ணீர் வந்தது.