0.48-ஆ, 0.61-ஆ, 0.79-ஆ? சேஃப்டி ரேசரில் பிளேடு கேப்பைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடும் சேஃப்டி ரேசர் வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் கேட்கும் முதல் கேள்வி, "மைல்டா வாங்கட்டுமா, அக்ரெசிவா வாங்கட்டுமா?" என்பதுதான். மைல்டு என்றால் தோலில் பதமாகப் போவது, அக்ரெசிவ் என்றால் முடியை அடியோடு அறுப்பது; பிளேடு கேப்பை வைத்துத்தான் பெரும்பாலும் இப்படிப் பிரிக்கிறார்கள். கேட்டவருக்குக் கிடைக்கும் பதிலும் எப்போதும் ஒன்றே: "புதுசுதானே, மைல்டிலேயே ஆரம்பிங்க." அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் கழுத்து சிவந்துபோய்த் திரிந்தவன் நான். கேப் குறைந்தால் தோலுக்கு நல்லது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பிளேடு மாட்டிய ரேசரைக் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பிளேடின் கூர் ஓரத்துக்கும், அதன் கீழே நீளவாக்கில் ஓடும் தடுப்பு விளிம்புக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும். அதுதான் கேப். பிளேடின் கனமே 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால், இங்கே நாம் பேசுவதெல்லாம் நாலைந்து பிளேடு கன வித்தியாசங்கள். அரை மில்லிமீட்டருக்குக் கீழே மைல்டு, 0.6, 0.7 நடுத்தரம், 0.8-ஐத் தாண்டினால் அக்ரெசிவ் என்பது பொதுவான கணக்கு.

அந்தச் சந்துக்குள் முடியும் நுரையும் போகின்றன. கூடவே தோலும் கொஞ்சம் பிதுங்கிப் போகிறது. கேப் பெரிதானால் முடி தாராளமாக உள்ளே போய் அடியோடு அறுபடும். தோலும் அதிகமாகப் பிதுங்கும். அழுத்தினால் இன்னும் பிதுங்கும். கேப்பைப் பற்றிய எல்லாச் சண்டையும் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கத் தோதானது தட்டு மாற்றும் ரேசர். ராக்வெல் 6சி என்ற ரேசரில் மூன்று அடித்தட்டுகள் (பிளேடுக்கு அடியில் உட்காரும், தடுப்பு விளிம்பு உள்ள தட்டு) வருகின்றன. ஒவ்வொன்றும் இருபக்கத் தட்டு என்பதால் மொத்தம் ஆறு அளவு. ஒன்றாம் எண் 0.20 மி.மீ., மூன்று 0.48, நான்கு 0.61, ஆறு 0.79. கைப்பிடி அதே, மேல்மூடி அதே, பிளேடும் அதே கம்பெனி பிளேடு. மாறுவது அடித்தட்டு மட்டும். ஒவ்வொரு அளவிலும் ஒரு மாதம் மழித்துப் பார்த்தேன். எனக்கு முடி தடிமன். கழுத்தில் இடப்பக்கம் முடி கீழ்நோக்கி வளராமல் காதை நோக்கிப் படுத்து வளரும். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மழிப்பேன்.

0.20-இல் ஆரம்பித்தேன். கன்னத்தில் வைத்து இழுத்தால் பிளேடு இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு பதமாகப் போனது. ஆனால் இழுத்த இடத்தைத் தடவினால் பாதி முடி அப்படியே நிற்கிறது. திரும்ப இழு, திரும்ப நுரை போடு, திரும்ப இழு. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை முடியும் நுரையும் சந்தில் அடைத்துக்கொள்ளும், குழாயில் காட்டிக் கழுவ வேண்டும். நாலாவது முறை கழுத்துக்கு வரும்போது கை தானாக அழுத்தத் தொடங்கிவிடும். முடித்ததும் படிகாரக் கல்லை நனைத்துத் தேய்த்தேன். தாடைக்குக் கீழே ஒரு கைப்பிடி இடம் தீப்பட்ட மாதிரி எரிந்தது. ஒரு வெட்டுக்காயம்கூட இல்லை. ஆனால் ஒரே இடத்தை ஆறேழு முறை சுரண்டியதில் மேல்தோல் போயிருந்தது. அது அந்தத் தட்டின் குறை இல்லை. தினமும் மழிப்பவருக்கும், முடி மெல்லிசாக இருப்பவருக்கும் பொருத்தமான அளவை நான் மூன்று நாள் தாடியில் கொண்டுபோய் வைத்தேன். "புதுசுன்னா மைல்டு" என்ற யோசனையில் உள்ள ஓட்டை இதுதான். புதியவர் என்பதைப் பார்க்கிறார்கள், முடியைப் பார்ப்பதில்லை.

0.48 நல்ல நடுவழி. முடி வளரும் வாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை போனால் வெளியே போகிற அளவுக்குச் சுத்தம். முந்தின நாள் மழித்திருந்தால் இதுவே போதும், இதற்கு மேல் தேவையே இல்லை.

0.61-இல்தான் எனக்கு வேலை முடிந்தது. முதல் இழுப்பிலேயே 'கரகர' என்று முடி அறுபடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நம்பி மழிக்கலாம். சத்தம் நின்றால் அந்த இடத்தில் முடி தீர்ந்தது, கையை நகர்த்திவிடலாம். இரண்டே சுற்று, அழுத்தமே இல்லை, ரேசரின் எடை மட்டும். படிகாரம் போட்டால் மேலுதட்டில் லேசாகச் சுள்ளென்றது, அவ்வளவுதான். ஆக, 0.20-ஐவிட மூன்று மடங்கு பெரிய சந்து, பாதிக்கும் குறைவான எரிச்சல்.

0.79 கன்னத்துக்குச் சுகம். ஒரு வாரத் தாடியைக்கூட நுரையோடு வாரிக்கொண்டு போகும். ஆனால் தாடை எலும்பு திரும்பும் இடத்திலும், குரல்வளை மேட்டிலும் கோணம் கொஞ்சம் பிசகினால் போதும், குண்டூசி முனை அளவுக்கு இரத்தப் புள்ளிகள். கை பழகினால் குறையும் என்பது சரிதான். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லா நாளும் கை ஒரே நிதானத்தில் இருப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ 0.6 என்று போட்டிருக்கிற எந்த ரேசரும் சரி" என்று கிளம்பிவிட வேண்டாம். ஒரே ரேசரில் தட்டு மாற்றும்போதுதான் எண்ணை எண்ணோடு ஒப்பிட முடியும். வேறு கம்பெனி, வேறு தலை என்றால் இன்னொரு கணக்கு உள்ளே வருகிறது. மேல்மூடியையும் கீழ் விளிம்பையும் தொடுகிற மாதிரி ஒரு நேர்கோடு போட்டால், பிளேடின் கூர் அந்தக் கோட்டுக்கு வெளியே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பது. இதை எக்ஸ்போஷர் என்பார்கள். கூர் கோட்டுக்கு உள்ளேயே அடங்கி நின்றால் கேப் பெரிதாக இருந்தாலும் ரேசர் சாதுவாக இருக்கும். வெளியே நீட்டினால் கேப் சிறிதாக இருந்தாலும் கடிக்கும். ஜெர்மனியின் மெர்க்கூர் 34சி-யின் கேப் சுமார் 0.7 மி.மீ.; எண்ணைப் பார்த்தால் நடுத்தரத்தின் மேல்படி, பயன்படுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு மைல்டு. கனடாவின் ஹென்சன் ஏஎல்13 மைல்டில் கூர் வெளியே நீட்டுவது சுமார் 0.03 மி.மீ.தான், நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அதன் பதம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. மியூலே கம்பெனியின் ஆர்89, ஆர்41 இரண்டும் ஒரே குடும்பம். ஆர்89 தொடக்கக்காரருக்கும் தரலாம். தடுப்பு விளிம்பில் சீப்புப் பல் வைத்த ஆர்41-ஐ அனுபவம் உள்ளவர்களே யோசித்துத்தான் எடுப்பார்கள்.

வாங்குவதற்கு முன் கேப், எக்ஸ்போஷர் இரண்டையும் எண்ணாகத் தரும் கம்பெனியா என்று பாருங்கள். ரேசோராக் கேம் சேஞ்சர் மாதிரி கேப்பையே மாடல் பெயராக, .68, .84 என்று வைப்பவர்களிடம் தேர்வு சுலபம்.

கேப்பைத் திருகி மாற்றும் அட்ஜஸ்டபிள் ரேசர் இன்னொரு வழி. ஜில்லெட் 1958-இல் கொண்டுவந்த ஃபேட்பாய் ரேசரில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். இன்றைக்கு மெர்க்கூரின் புரோகிரஸ், ஃபியூச்சர் இரண்டும் அந்த வகையில் பிரபலம். முதல் சுற்றைப் பெரிய எண்ணில் போய்விட்டு, கழுத்துக்கு வரும்போது சின்ன எண்ணுக்கு இறக்கலாம். தட்டு மாற்றும் ரேசரில் சவரத்தின் நடுவே இதைச் செய்ய முடியாது. ஆனால் தலை பெரிதாகவும் கனமாகவும் இருக்கும். மூக்குக்குக் கீழே நுழைக்கச் சிரமம். தனக்கு எது சரி என்று இன்னும் தெரியாதவருக்கு அட்ஜஸ்டபிள் நல்ல ஆசிரியர். தெரிந்துவிட்டவருக்கு நிலையான கேப் உள்ள ரேசரே லேசு, பராமரிப்பும் குறைவு.

கையில் இருக்கும் ரேசர் ரொம்ப மைல்டு என்றால் உடனே புதிதாக வாங்க வேண்டியதில்லை. முதலில் பிளேடை மாற்றிப் பாருங்கள். ஜப்பானின் ஃபெதர் போன்ற அதிகூர் பிளேடு போட்டால் அதே மைல்டு ரேசர் ஒரு படி ஏறி நிற்கும். அதுவும் போதவில்லை என்றால், பழைய பிளேடு ஒன்றின் இரண்டு கூர் ஓரங்களையும் கத்தரியால் ஜாக்கிரதையாக வெட்டி எறிந்துவிட்டு, நடுத்துண்டைப் புது பிளேடுக்கு அடியில், அடித்தட்டின்மேல் வையுங்கள். கேப் ஏறக்குறைய 0.1 மி.மீ. கூடும்.

நுரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரை இரண்டு நிமிஷத்தில் செத்துவிடும். வறண்ட முகத்தில் எந்தக் கேப்பும் எரியத்தான் செய்யும். நல்ல தண்ணீர் ஒரு சொம்பு தனியாக எடுத்து வைத்த பிறகுதான் என்னால் தட்டுகளை நியாயமாக ஒப்பிட முடிந்தது.

கம்பெனி சொல்லும் எண் உங்கள் ரேசரில் உண்மையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பைக்குக்கு டாப்பெட் வைக்கும் மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜ் என்று ஒன்று இருக்கும், விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றிலும் கனம் பொறித்திருக்கும். கூர் கெட்டாலும் பரவாயில்லை என்று தூக்கிப்போடப் போகும் பிளேடை மாட்டி, தகட்டைச் சந்தில் நுழைத்துப் பார்க்கலாம். மலிவாகக் கிடைத்தது என்று ஆன்லைனில் ஒரு ரேசர் வாங்கியிருந்தேன். ஒரு பக்கம் மழித்தால் ஒன்றும் ஆகாது, திருப்பிப் பிடித்தால் கீறும். என் கைதான் சரியில்லை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். கேஜ் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 0.50 தகடே இறுக்கம், மறுபக்கம் 0.75 தாராளமாக நுழைந்தது. அதைத் திருப்பி அனுப்பும் நாளும் கடந்துபோயிருந்தது.

நல்ல ரேசரிலும் பிளேடு கோணலாக உட்கார்ந்தால் இதே கதைதான். ரேசரைக் கவிழ்த்து, மேல்மூடியையும் அடித்தட்டையும் குட்டைப் பக்கங்களில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகுங்கள். பிறகு வெளிச்சத்தில் தூக்கி இரண்டு ஓரமும் சமமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி யாருக்கு எது. தினமும் மழிப்பவர், முடி மெல்லிசானவர்: 0.4-இலிருந்து 0.5. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மழிக்கும், சராசரி அல்லது தடித்த முடிக்காரர்: 0.6-இலிருந்து 0.7, புதியவராக இருந்தாலும் இதையே வாங்குங்கள், அழுத்தாமல் பழகுங்கள். வாரம் ஒருமுறை மழிப்பவர்: 0.8-ஐ முயலலாம், கன்னம் வரைக்கும். சுருட்டை முடிக்காரர்கள் மட்டும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களுக்கு அடியோடு வெட்டிய முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளம் கட்டும். தாடி எத்தனை நாளாக இருந்தாலும் மைல்டு ரேசர், முடி வாக்கில் ஒரே சுற்று, தோலை இழுத்துப் பிடிக்காமல். தடவினால் லேசாக முள்முள்ளாக இருக்கட்டும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.