பழைய லாரி வாங்கினால் பிஎஸ் 4-ஆ, பிஎஸ் 6-ஆ?

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய 12 சக்கர லாரி தேடினால் புரோக்கர்கள் முதலில் காட்டுவது 2018, 2019 மாடல் பிஎஸ் 4 வண்டிகளைத்தான். (பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கு அரசு வைத்த வரம்பு. எண் கூடக்கூட வரம்பு கடுமை.) விலை குறைவு, எந்தப் பட்டறையிலும் வேலை பார்த்துவிடுவார்கள். கொஞ்சம் கூடப் போட்டால் 2021 மாடல் பிஎஸ் 6 கிடைக்கும். நான் பிஎஸ் 6 வாங்கினேன். வடக்கே லோடு ஓட்டுபவர் யார் கேட்டாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

ஏற்றும் பாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மைலேஜ் டிரைவர் கையில் இருக்கிறது. அதையெல்லாம் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

பராமரிப்பில் பிஎஸ் 4 நிச்சயம் சுலபம். அசோக் லேலண்டின் பிஎஸ் 4 வண்டிகளில் பலவற்றுக்குப் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசல்கூட வேண்டாம். பிஎஸ் 6-ல் 100 லிட்டர் டீசலுக்கு ஐந்து லிட்டர் அளவுக்கு அது செலவாகும். மட்டமான சரக்கை ஊற்றினால் சென்சார் கெடும். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வேறு இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் அந்தச் சூட்டிலேயே கரி எரிந்துவிடும். ஊருக்குள் நின்று நின்று ஓடினால் அடைத்துக்கொள்ளும். ஜல்லி, செங்கல் என்று உள்ளூர் நடை மட்டும் அடிப்பவருக்கு பிஎஸ் 4 போதும்.

எனக்கு முடிவைக் கொடுத்தது வேறு விஷயம்: வண்டி எதுவரை போகலாம், எத்தனை வருடம் போகலாம் என்பது. விற்கும்போது விலையைத் தீர்மானிப்பதும் அதுதான்.

மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டத் தரும் நேஷனல் பர்மிட் இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வயது வரை, அதற்கு மேல் ஆக்சில் உள்ள மல்டி ஆக்சிலுக்கு 15 வயது வரை. 12 சக்கர லாரி மல்டி ஆக்சில்தான். அந்தக் கணக்கில் 2018 மாடல் 2033 வரை ஓடும், 2021 மாடல் 2036 வரை ஓடும். மூன்று வருட வித்தியாசத்துக்கு இவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்று தோன்றும். ஆனால் வயதை மட்டும் பார்த்த விதிகள் இப்போது பிஎஸ் எண்ணைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. டெல்லி வட்டாரத்தில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்பதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே நீதிமன்றம் 2025 டிசம்பரில், பிஎஸ் 4-ம் அதற்கு மேலும் உள்ள வண்டிகள் மீது வயதைக் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சரக்கு லாரிக்கு இன்னும் கறார். வெளிமாநிலப் பதிவு பிஎஸ் 3 லாரிக்கு 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் அனுமதி இல்லை. பிஎஸ் 4-க்குக் கெடு 2026 அக்டோபர் 31. அதற்குப் பிறகு, 2033 வரை பர்மிட் இருந்தாலும், டெல்லியின் லாரி மையமான சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் லோடு இறக்க அந்த வண்டி போக முடியாது. எல்லையில் வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். ஏற்றுகூலி இரண்டு தடவை, சரக்குச் சேதம் வேறு. குளிர்காலத்தில் காற்று மாசு உச்சத்துக்குப் போய் லாரிகளை நிறுத்தும்போதும், டீசலில் பிஎஸ் 6-ஐ உள்ளே விடுகிறார்கள்.

நம் வண்டியை அடுத்து வாங்குபவரும் இதே கணக்கைப் போடுவார். டெல்லி லைன் போய்விட்டால் பிஎஸ் 4-ஐ உள்ளூர்க்காரர் மட்டும்தான் கேட்பார், விலையை அவர்தான் சொல்வார். மற்ற பெருநகரங்களும் இதே வழியில் போகும் என்பது என் கணிப்புதான், உத்தரவாதம் இல்லை. வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. தரும் எஃப்.சி. சான்றிதழிலும் லாபம் உண்டு: எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். 2021 மாடலுக்கு அந்தத் தொல்லை 2029-ல்தான் ஆரம்பம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். பிஎஸ் 6 வந்ததே 2020 ஏப்ரலில்தான். பத்து வருடம் ஓடிய பிறகு டிபிஎஃப், சென்சார் செலவு எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல இன்னும் ஆளில்லை. அதற்கென்று மாதாமாதம் தனியாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

வாங்கும் முன் கம்பெனி சர்வீஸில் ஸ்கேன் போட்டு ஃபில்டரில் கரி எவ்வளவு என்று பாருங்கள். சிலர் உள்ளே இருப்பதை உருவிவிட்டு வெறும் கூட்டை மாட்டி விற்கிறார்கள். அப்படி இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.