ஒற்றைத் தலைமையா, கூட்டுத் தலைமையா?

குடிமை உரிமைக்காகப் போராடும் அமைப்பை ஒருவரே முன்னின்று நடத்துவதா, பலர் கூடி நடத்துவதா என்ற கேள்விக்கு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தில் இரு விடைகளும் கிடைக்கின்றன. 1957இல் தொடங்கிய தெற்கத்திய கிறித்தவத் தலைமை மாநாடு என்னும் அமைப்பு, மார்ட்டின் லூதர் கிங்கையே தன் முகமாகக் கொண்டதால், செய்தியாளர்களையும் நன்கொடையாளர்களையும் ஆட்சியாளர்களையும் விரைவில் எட்டியது. 1968இல் அவர் கொல்லப்பட்டபின் அவருடைய நெருங்கிய தோழர் ரால்ஃப் அபர்நாதி பொறுப்பேற்றும் அந்தச் செல்வாக்கு பழையபடி நிலைக்கவில்லை. 1960இல் செயற்பாட்டாளர் எலா பேக்கரின் முயற்சியால் உருவான மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவோ, நெடுநேரம் விவாதித்தே ஒருமித்த முடிவுக்கு வந்தது. சலிப்பூட்டும் முறைதான், ஆயினும் மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர்களில், வாக்காளர் பதிவுக்கு உள்ளூர் மக்களையே தலைவர்களாக வளர்த்தது அந்தப் பொறுமைதான். சிறிய அமைப்பாயின் நான் இரண்டாவதையே தேர்வேன்: தலைவர் கைதான இரவிலும், வழக்கறிஞரை அழைத்து அடுத்த வேலையைத் தொடர நான்கு பேராவது இருப்பார்கள்.