கவர் பாடலுக்கு 7 அங்குலமா, 12 அங்குலமா?

பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ஓர் இண்டி ராக் குழு தன் சொந்தப் பாடலை முதல் பக்கத்திலும், பிறர் பாடலைத் தன் பாணியில் மீண்டும் பாடிய கவரை மறுபக்கத்திலும் வைத்து வினைல் சிங்கிள் (பக்கத்திற்கு ஒரு பாடல் கொண்ட இசைத்தட்டு) வெளியிடும்போது, 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய 7 அங்குலத் தட்டையே நான் விரும்புகிறேன். நிமிடத்திற்கு 45 சுற்றுகள் சுழலும் அத்தட்டில் பக்கத்திற்கு ஏறத்தாழ நான்கைந்து நிமிடங்களே கிடைப்பதால், மூலப்பாடலை நீட்டாமல் அதன் உயிரை மட்டும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

12 அங்குலத் தட்டின் ஒலி மேலானது என்பதை மறுக்க முடியாது. ஊசி ஓடும் பள்ளமான தடம் மையத்தை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் ஊசி கடக்கும் தொலைவு குறைந்து உயர் அதிர்வெண் ஒலிகள் சிதைகின்றன. பெரிய தட்டிலோ பாடல் வெளிவிளிம்புப் பகுதியிலேயே முடிந்துவிடலாம், தடங்களையும் இடைவெளி விட்டு வெட்டலாம். கிட்டார் இரைச்சலை அடுக்கடுக்காக எழுப்பும் நீண்ட கவருக்கு அதுவே பொருத்தம். குரலும் ஒற்றைக் கிட்டாருமாகச் சுருங்கிய கவருக்குச் சிறிய தட்டு போதும். அதைத் திருப்பிப் போடும் சில நொடி அமைதியும் எனக்குப் பாடலின் பகுதியே.