பாப் ஸ்மியரா, எச்பிவி டெஸ்ட்டா? தொற்று ஒருமுறை வந்து போனவர்களுக்கு

எச்பிவி என்பது உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவது. ரிப்போர்ட்டில் ‘எச்பிவி பாசிட்டிவ்’ என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அது மனதை விட்டு லேசில் அகலாது. வைரஸ் போய்விட்டதா, அடுத்து எந்த டெஸ்ட் எடுப்பது என்று யோசனை ஓடிக்கொண்டே இருக்கும். பாப் ஸ்மியர், எச்பிவி டெஸ்ட் இரண்டுக்கும் டாக்டர் மாதிரி எடுப்பது கருப்பை வாயில்தான். அதனால் பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் தேடுவது வேறு வேறு.

பாப் ஸ்மியர் செல்களைப் பார்க்கிறது. வைரஸ் செல்களில் மாற்றம் ஏதும் உண்டாக்கியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தேடுவார்கள். மாற்றம் தெரிந்தால் அது எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்றும் சொல்லிவிடும். இது இதன் பலம். ஆனால் மாதிரி சரியாக விழ வேண்டும், பார்ப்பவர் கண்ணுக்கும் தப்பக் கூடாது. ஒரு முறை எடுத்ததில் தவறிப்போவது சாதாரணமாக நடக்கிறது. 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

எச்பிவி டெஸ்ட் வைரஸின் மரபணுவையே தேடுகிறது. 200க்கும் மேற்பட்ட எச்பிவி வகைகளில், புற்றுநோய் அபாயம் அதிகமுள்ள சுமார் 14 வகைகளை மட்டும் பார்க்கும். செல் மாறுவதற்கு முன்பே பிடித்துவிடும் என்பதால், நெகட்டிவ் வந்தால் பொதுவாக 5 ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம். இதன் குறை, தானாகவே போய்விடும் தொற்றையும் சேர்த்துப் பிடித்துவிடுவது. இளம் வயதில் அப்படிப்பட்ட தொற்று நிறைய. அதனால்தான் 30 வயதுக்கு முன் பல இடங்களில் பாப் ஸ்மியரே போதும் என்கிறார்கள். பொதுவாக 30 வயதுக்கு மேல் முதல் பரிசோதனையாக எச்பிவி டெஸ்ட் எடுக்கலாம் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன பரிந்துரை. என் கருத்தும் அதுதான். முதலில் எச்பிவி டெஸ்ட், பாசிட்டிவ் வந்தால் அடுத்து பாப் ஸ்மியர். 16 அல்லது 18ஆம் வகை என்றால் நேராக கோல்போஸ்கோபிக்கு (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் பரிசோதனை) அனுப்புவார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகள்தான் காரணம்.

சரி, ஏற்கெனவே தொற்று வந்தவர் கதை? பெரும்பாலான தொற்றுகளை உடம்பே இரண்டு ஆண்டுக்குள் அடக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் நெகட்டிவ் ரிசல்ட்டுக்கு, வைரஸ் முற்றிலும் போய்விட்டது என்று ஒரு பொருள் உண்டு. டெஸ்ட்டுக்குச் சிக்காத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது என்று இன்னொரு பொருளும் உண்டு. எது என்று எந்த டெஸ்ட்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பல ஆண்டு கழித்து மறுபடி பாசிட்டிவ் வந்தால், அது பழைய தொற்று தலைதூக்கியதாக இருக்கலாம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஒரு காகிதத்தை வைத்துக் கணவரையோ துணையையோ சந்தேகப்படாதீர்கள், உங்களையும் குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று அந்த ரிப்போர்ட்டுக்குத் தெரியாது.

கவலைப்பட வேண்டியது, அபாய வகை போகாமல் தங்கிவிடும்போதுதான். அப்போதும் புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம். புகைப்பழக்கம் தொற்று தங்கிவிட வழிசெய்கிறது.

வீட்டிலேயே மாதிரி எடுக்கும் வசதி எச்பிவி டெஸ்ட்டுக்கு உண்டு, பாப் ஸ்மியருக்குக் கிடையாது. உள் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்களுக்கு இது பெரிய வரம். பாசிட்டிவ் வந்தால் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. ஆண்களுக்கு வழக்கமான எச்பிவி டெஸ்ட் என்று எதுவும் இல்லை. தடுப்பூசி, இருக்கும் தொற்றை விரட்டாது. இன்னும் வராத வகைகளிலிருந்து காக்கும்.

முன்பு செல் மாற்றத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு 5 ஆண்டு இடைவெளி பொருந்தாது. அடிக்கடி பார்க்க வேண்டும், அதுவும் பல ஆண்டுகளுக்கு. ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் டாக்டரை மாற்றும்போது கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், உடலுறவுக்குப் பின்போ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால், போன மாத டெஸ்ட் நெகட்டிவாக இருந்தாலும் சரி, உடனே போய்க் காட்டுங்கள்.