சிவப்பு பெயிண்டை நம்பி ஜாகுவார் சி-டைப் சிலிண்டர் ஹெட் வாங்காதீர்கள்

1954 முதல் 1957 வரை வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்கே 140 காரைப் புதுப்பித்துவரும் எவரும், இங்கிலாந்திலுள்ள பழைய உதிரிபாக வியாபாரி ஒருவருக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிட வேண்டும். அந்தக் காரின் 3.4 லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் 190 குதிரைத்திறன் தந்தது. கூடுதல் விலைக்குக் கிடைத்த சி-டைப் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடி வால்வுகளைத் தாங்கும் பாகத்தின் சிறப்பு வகை, அதை 210 ஆக உயர்த்தியது. 1951-இல் லெ மான் பந்தயத்தை வென்ற காரின் பெயரைத் தாங்கிய அந்த ஹெட்டுக்கு இன்று சாதாரண ஹெட்டைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். போலிகள் பிழைப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

எனக்கு விற்றவர், "அசல் சி-டைப், முழுமையாகப் பழுதுபார்த்தது, அப்படியே பொருத்தலாம்" என்று மின்னஞ்சலில் உறுதியளித்து, கிரெடிட் கார்டை ஏற்க மறுத்து, 2,000 பவுண்டுக்கு மேல் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொன்னார். வந்த ஹெட்டில் சி-டைப்பின் அடையாளங்களான பளபளக்கும் சிவப்பு பெயிண்டும் 'சி' எழுத்தும் இருந்தன. எஞ்சின் பட்டறையில் பெயிண்டைக் கரைத்தபோது, பசையால் ஒட்டியிருந்த அந்த எழுத்தும் கையோடு வந்துவிட்டது. எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை 36.5 மி.மீ. மட்டுமே இருந்தது, சி-டைப்பில் அது 41.3 மி.மீ. இருக்க வேண்டும். எரிபொருள் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வ் சாதாரண ஹெட், சி-டைப் இரண்டிலும் ஒரே அளவு என்பதால், அதன் படத்தை மட்டும் வெர்னியர் அளவுகோலுடன் அனுப்பியிருந்த அவருடைய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

போலி என்பதோடு முடிந்திருந்தால், அதைச் சாதாரண ஹெட்டாகவாவது பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் துரு தடுப்பான் கலக்காத தண்ணீர் அலுமினியத்தை அரித்துப் பெரிதாக்கியிருந்த நீர்வழித் துளைகளை, வெல்டிங் செய்யாமல் எபாக்ஸி பசையால் அடைத்து, மேலே மட்டம் சீவியிருந்தார்கள். அதைவிட மோசமான குறை, வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேம் ஷாஃப்டில் தெரிந்தது. இந்த எஞ்சினில் அலுமினிய ஹெட் வார்ப்பிரும்பு பிளாக்கோடு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறும்போது, இரும்பைவிட அதிகமாக விரியும் அலுமினியம் நடுவில் வில்போல் மேலே வளைகிறது. முறையாகச் செய்பவர்கள் ஹெட்டைக் கனமான தகட்டில் இறுக்கிச் சூடேற்றி முதலில் நிமிர்த்துவார்கள், பிறகே சீவுவார்கள். இங்கே அடிப்பகுதியை மட்டும் சீவிவிட்டதால், பிளாக்கோடு சேரும் கேஸ்கெட் பரப்பு கண்ணாடிபோல் மட்டமாக இருந்தும் மேலேயுள்ள கேம் பேரிங்குகளின் வளைவு அப்படியே நின்றது. பேரிங் மூடிகளை இறுக்கியதும் கேம் ஷாஃப்ட் கையால் சுழலவில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் அது இறுகி உடைந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும், தாம் தனிநபராகவே விற்றதாகவும் பார்த்தபடி வாங்கிய பொருளுக்குப் பொறுப்பில்லை என்றும் பதில் வந்தது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் நிராகரிக்கும் உரிமை வியாபாரியிடம் வாங்கியவருக்கே உண்டு; கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அவர் ஏன் கார்டை மறுத்தார் என்பது இப்போது விளங்குகிறது. அவர் தொடர்ந்து வியாபாரம் செய்பவர் என்பதைக் காட்டும் பழைய விளம்பரங்களைச் சேமித்து, சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் மனு அளித்திருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் எக்ஸாஸ்ட் வால்வின் அளவையும், மூடிகளை இறுக்கியபின் கேம் ஷாஃப்ட் சுழலும் காணொளியையும், பெயிண்ட் நீக்கிய அடிப்பரப்பின் படத்தையும் கேளுங்கள். ஹெட்டின் முன்புறம் பொறித்த எஞ்சின் எண்ணையும் பாருங்கள். எக்ஸ்கே 140-இல் அந்த எண் 'எஸ்' என்று முடிந்தால்தான் தொழிற்சாலையிலேயே சி-டைப் ஹெட் பொருத்தியதாகப் பொருள். அதே நபர் இப்போது தங்க நிறம் பூசிய ஒன்றை, எக்ஸ்கே 150 எஸ் காரின் நேர்போர்ட் ஹெட் (இன்லெட் வழிகள் நேராக அமைந்த ஹெட்) என்று விளம்பரம் செய்கிறார். அந்த இன்லெட் வழிகள் (போர்ட்டுகள்) தெரியும் படம் ஒன்றுகூட அதில் இல்லை.